சுழலாத தட்டு

கிளியின் வால் பாதிதான் முடிந்திருந்தது. பச்சை நூலுக்கான கோடுகளைப் போட்டு முடித்துவிட்டு மஞ்சளுக்கு மாறலாம் என்று சாரா மௌஸை அழுத்தினாள். திரை அப்படியே உறைந்துபோனது. லேப்டாப்பின் இடது ஓரத்திலிருந்து, உள்ளே யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி சத்தம் வந்தது. கிர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது நின்று, டக்கென்று ஒரு தட்டு. பிறகு மறுபடியும் கிர்ர்ர். மறுபடியும் டக்.

சாரா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே சந்து முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பல்லடத்திலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற அந்த ஊரில் தறிச் சத்தம் காற்று மாதிரி. இருக்கிறபோது யாருக்கும் கேட்காது. நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

"திக்குது பாரு," என்றார் ஞானாபரணம். அவள் மாமனார். மேசைக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். ஆயுசெல்லாம் தறி மெக்கானிக்காக இருந்தவர். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். ஆனால் சந்தில் எந்தப் பட்டறையில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று படுத்தபடியே சொல்லுவார்.

"டிஸ்க் வீணாப் போயிட்டிருக்குதுங்க மாமா. மாத்தியே ஆகோணும்."

"மாத்த வேண்டாம் கண்ணு. சித்த நேரம் சும்மா உடு. அதா ஓடும்."

"நானும் ஒரு மாசமா சும்மா உட்டுப் பாத்துட்டேனுங்க. மாசாணம் அண்ணன் காலையிலிருந்து போனு மேல போனு போடறாரு."

கிழவர் முகத்தை மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் மூச்சைக் கேட்கிறவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த லேப்டாப் எபினேசருடையது. சாராவின் புருஷன். பனியன் கம்பெனிக்காரர்கள் அனுப்புகிற பூவையும் பொம்மையையும், எம்ப்ராய்டரி மிஷினின் ஊசி போகிற பாதையாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவன் வேலை. பஞ்சிங் என்பார்கள். மாசாணம் தன் பட்டறையில் மிஷின்கள் வைத்து அதைத் தைத்துக் கொடுப்பார். கல்யாணமான புதிதில் பொழுது போகாமல் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே சாராவுக்கும் வேலை கைவந்தது. இலை, கொடி எல்லாம் அவள் போடுவாள். முகம், கண் வந்தால் அவன் வாங்கிக்கொள்வான்.

போன வருஷம் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அவன் செத்துப்போனான். சாரா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கூட்டம். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது ஞானாபரணம் கட்டிலில் சம்மணமிட்டு மகனோடு பேசிக்கொண்டிருந்தார். கோழிப்பண்ணைக்குத் தீவனம் வருகிற லாரி சந்தில் திரும்ப முடியாமல் நின்ற கதை. எபினேசர் சுழல் நாற்காலியில் பின்னால் சாய்ந்திருந்தான். கை மௌஸின் மேல் இருந்தது. அப்பன் பேச்சுக்குச் சிரிக்கிறான் என்றுதான் சாரா நினைத்தாள். தோளைத் தொட்டபோது சில்லென்று இருந்தது.

நெஞ்சடைப்பு, உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். அவ்வளவு நேரமும் கிழவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஓடிட்டிருந்துச்சே கண்ணு," என்று அவர் கோயில் கல்லறையில் மண் தள்ளுகிறபோதும் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன் வேலை செய்யற சத்தம் ஓடிட்டுத்தான இருந்துச்சு. சத்தம் கேக்கறப்ப ஆளு இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகுதான் கட்டிலை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். சாரா வேலை செய்யும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்வார். நாற்காலியை மட்டும் யாரும் நகர்த்தக் கூடாது. சாராவும் அதில் உட்காரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்தபடிதான் வேலை செய்தாள். வலித்தது. ஆனாலும் அந்த நாற்காலியின் குழிந்த மெத்தையில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை.

புது லேப்டாப் வாங்கிவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும் வழியில்லை. பஞ்சிங் சாஃப்ட்வேரின் உரிமம் அந்த மிஷினோடு கட்டிப்போட்டது. வேறு மிஷினில் போட்டால் திறக்காது. விற்றவன் கடையைக் காலி செய்துவிட்டுப் போன இடம் தெரியவில்லை. டிஸ்க்கை மட்டும் மாற்றினால் புதுசு மாதிரி பறக்கும் என்று யாரோ சொல்ல, சாரா ஆன்லைனில் எஸ்எஸ்டி என்கிற புது மாதிரி டிஸ்க் ஒன்றை வாங்கினாள். சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லியதாக வந்தது. பின்பக்க மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தால் செருகுகிற வாயில் உட்கார மாட்டேன் என்றது. அமுக்க பயந்து அப்படியே எடுத்து வைத்துவிட்டாள்.

திரை உறைந்த அன்று மாசாணம் மறுபடி போனில் கூப்பிட்டார்.

"ஏனம்மா சாரா, கிளி என்னாச்சு? மிஷின நிறுத்தி வெச்சுட்டு ஒக்காந்திருக்கேன்."

"டிஸ்க்கு போயிருச்சுங்கண்ணா. திறக்கவே மாட்டேங்குது."

"உக்கடத்துல சஃபியான்னு ஒரு பொண்ணு கடை வெச்சிருக்குது. கோட்டைமேட்டுக்குப் போற சந்துல. என்ற பட்டறை மிஷினெல்லாம் அதுதான் பாக்கறது. வெசையாப் போயிட்டு வா. இந்த வாரம் சேம்பிள் போகலீன்னா பார்ட்டி வேற பக்கம் போயிருவான். அப்புறம் உனக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல."

மறுநாள் காலையில் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, மாமனாருக்குத் தட்டத்தில் மூடி வைத்துவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். ஞானாபரணம் சுவரைத் தடவிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

"அதை அங்க உட்டுப்போட்டு வந்தராத அம்மணி."

"டிஸ்க்க மட்டுந்தானுங்க மாத்தறாங்க. மிஷினு அதேதான். அவரு போட்ட டிசைனெல்லாம் அப்படியே இருக்கும்."

"டிசைன ஆரு கேட்டா?" என்றார் கிழவர்.

சிங்காநல்லூரில் இறங்கி டவுன் பஸ் மாறி உக்கடம் போவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. குளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. சஃபியாவின் கடை ஒரு அத்தர் கடைக்கும் பிரியாணி அண்டா வாடகைக்கு விடுகிற கடைக்கும் நடுவில் இருந்தது. சாராவை விடச் சின்ன வயசு. முக்காட்டின் மேல் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு யாருடைய மிஷினையோ பிரித்துப் போட்டிருந்தாள்.

சாரா கொண்டுவந்த பட்டையைத் திருப்பிப் பார்த்ததுமே சிரித்தாள்.

"இது உங்க மிஷினுக்கு ஆகாதுங்க்கா. இங்க பாருங்க, இதுல ஒரு வெட்டுத்தான் இருக்குது. உங்க மிஷின் வாயில தடுப்பு இந்தப் பக்கம் இருக்குது. ஒக்காராது. அமுக்காம உட்டீங்களே, அதே நல்லதுங்க."

"அப்ப எதுங்க ஒக்காரும்?"

"அளவு மட்டும் பாத்தாப் பத்தாதுங்க்கா. வாய் பொருந்தோணும். மிஷின் பேசற பாஷை அதுக்குப் புரியோணும். கனமும் பாக்கோணும், தடிச்சதா இருந்தா மூடி மூடாது. பழைய டிஸ்க்குல இருக்கறது மொத்தமும் கொள்ளோணும்." எழுந்து அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துப் போட்டாள். "இதா, சாட்டா எஸ்எஸ்டி. பழைய டிஸ்க் ஒக்காந்திருந்த எடத்துலயே ஒக்காந்துக்கும். இதவிட வேகமானதெல்லாம் இருக்குது. உங்க மிஷினுக்கு அது தெரியாது."

பழைய டிஸ்க்கைக் கழற்றி வெளியே வைத்து, ஒயர் கொடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்க ஆரம்பித்தாள். டிஸ்க் மேசைமேல் கிடந்து ஓடியது. கிர்ர்ர்.

"உள்ள தட்டு சுத்துதுங்க்கா. கையை வெச்சுப் பாருங்க," என்று சாராவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். கோழிக்குஞ்சைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது. சூடு. அடியில் ஒரு சின்ன நடுக்கம். சாரா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"புதுசுல இந்தத் தட்டெல்லாம் கெடையாதுங்க. சுத்தறதுக்கு ஒண்ணுமேயில்ல. சத்தமே வராது."

"சத்தமே வராதுங்களா?"

"வராதுங்க. நல்லதுதானுங்க்கா?"

சாரா டிஸ்க்கின் ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நகல் வேலை மத்தியானம் வரைக்கும் இழுத்தது. நடுவில் ஓரிடத்தில் டிஸ்க் சிக்கிக்கொண்டு தட்டியது, தட்டியது, நகரவே இல்லை. சஃபியா சின்ன ஃபேன் ஒன்றைத் திருப்பி அதன்மேல் காற்றடிக்க வைத்தாள். "கடைசி ஓட்டம் ஓடுதுங்க. இன்னொரு தடவை தாங்காது," என்றாள். இஞ்சி டீ வரவழைத்துக் கொடுத்தாள். மழை கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு நடுவில் அந்த டக் டக் கேட்டுக்கொண்டிருந்தது. சாராவுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. எபினேசருக்கு அப்படி உட்கார்ந்து காத்திருக்கக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை.

நகல் முடிந்து, புதியதை உள்ளே வைத்து, மூடியை முடுக்கி, ஆன் செய்தார்கள். கண்ணிமைப்பதற்குள் திரை வந்தது. பஞ்சிங் சாஃப்ட்வேர் உரிமம் கேட்காமல் திறந்தது. பாதி வாலோடு கிளி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"அல்ஹம்துலில்லா," என்றாள் சஃபியா. பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். "வெச்சுக்கங்க. ஆனா இது இனிமே எந்திரிக்காதுங்க்கா."

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மேசையில் வைத்து ஆன் செய்தபோது ஞானாபரணம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"எங்க கண்ணு ஓடுது?"

"ஓடிட்டுத்தானுங்க இருக்குது. நான் வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கேன்."

"பொய் சொல்லாத சாரா. அது நின்னு போச்சு."

அன்று சாயங்காலமே கிளியை முடித்து அனுப்பிவிட்டாள். மாசாணம் சேம்பிள் தைத்து, போட்டோ எடுத்து அனுப்பி, "பார்ட்டி ஓகே பண்ணிட்டான், இன்னும் நெறைய வருது" என்றார். சாரா அதை மாமனாரிடம் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சாப்பிடவில்லை. மறுநாள் கொள்ளு ரசம் வைத்து, சோற்றைக் கரைத்துக் கிண்ணத்தில் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு நகர்த்திவிட்டார். சர்க்கரை மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பினார். கோயில் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். கிழவர் ஆமென் மட்டும் சொன்னார். முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அப்படி ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சந்தில் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கடைசித் தறியும் நின்று, காதில் பஞ்சு வைத்த மாதிரி ஆனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சாரா ஒரு பூவின் காம்பை வளைத்துக்கொண்டிருந்தாள்.

கிர்ர்ர் என்று கேட்டது.

கை நின்றது. குனிந்து லேப்டாப்பில் காதை வைத்தாள். அதில் ஒன்றுமில்லை. காதை எடுத்தால் கேட்டது. மெல்லிசாக, சீராக, மிகவும் பழகிய சத்தம். இத்தனை வருஷம் முக்காலியில் உட்கார்ந்து கேட்ட அதே ஓட்டம்.

"சாரா," என்று கட்டிலிலிருந்து கூப்பிட்டார் ஞானாபரணம். குரல் தெளிவாக இருந்தது. "சோறு போடு கண்ணு. வந்துட்டான்."

சாரா லேப்டாப்பை அணைத்தாள். சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தாள். ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றாள். அங்கே கேட்கவில்லை. தட்டத்தில் சோறு போட்டு எடுத்து வந்தாள்.

கிழவர் முழுத்தட்டத்தையும் வழித்துச் சாப்பிட்டார். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து அவர் தேறிவிட்டார். குளித்தார், மாத்திரை போட்டுக்கொண்டார், மேசைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மகனிடம் ஊர் நியாயமெல்லாம் பேசினார். சாரா பயத்தைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்தாள். மாசாணம் சொன்னபடி வேலை வந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டு ஓட முடியாது. பயத்துக்கு நடுவில் இன்னொன்றும் அவளைக் குத்திக்கொண்டிருந்தது. வந்தவன் அப்பனுக்காகத்தான் வந்திருக்கிறான். அப்பன் சோறு உண்ணவில்லை என்றதும் வந்துவிட்டான். இந்த ஒன்றேகால் வருஷத்தில் அவள் எத்தனை நாள் உண்ணாமல் படுத்தாள்!

சஃபியாவுக்குப் போன் செய்தபோது அவள் முதலில் நம்பவில்லை.

"ஃபேன்ல தூசி அடைச்சிருக்குமுங்க்கா."

"பேட்டரியக் கழட்டி வெச்சுட்டுத்தானுங்க கேட்டேன்."

"சூலூர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு மிஷின் பாக்க ஞாயித்துக்கிழமை வாரேனுங்க. அப்படியே வந்து பாத்தர்றேன்," என்றாள்.

கோயில் முடிந்து சாரா வீட்டுக்கு வந்து, கீரை கடைந்துகொண்டிருந்தபோது சஃபியா வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறிகள் பாதிதான் ஓடின. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஓடுதுங்களே," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே வந்து மேசையைப் பார்த்தாள். லேப்டாப் மூடிக் கிடந்தது. ஒயர் எதுவும் செருகியிருக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"பழைய டிஸ்க் எங்கீங்க்கா?"

சாரா பீரோவைத் திறந்து கவரோடு எடுத்துக் கொடுத்தாள். சஃபியா அதைக் கையில் வைத்து, காதில் வைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று கிடந்தது. லேப்டாப்பின் மூடியைக் கழற்றி எஸ்எஸ்டியை வெளியே எடுத்தாள். வெறும் கூடு. சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சந்துப் பக்கம் போய்க் கேட்டாள், ஜன்னலில் கேட்டாள், சுவரில் காதை ஒட்டினாள். கடைசியில் அறை நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திரும்பினாள். திரும்பி நாற்காலிக்கு நேராக நின்றாள்.

கீழ் உதடு எதையோ ஓதியபடி அசைய, கையை நீட்டி அந்தக் குழிந்த மெத்தையின் மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் சாராவைப் பார்த்தாள். சாராவும் போய்த் தன் கையை வைத்தாள். சூடாக இருந்தது. அடியில் அந்தச் சின்ன நடுக்கம்.

"நீங்க சொன்னப்ப நான் வேற நெனச்சேனுங்க்கா," என்றாள் சஃபியா. "எத்தனை டிஸ்க்கு கேட்டிருக்கேன். இது அந்த டிஸ்க்குத்தானுங்க. அதே ஓட்டம்."

"ஆரு அம்மணி வந்திருக்கறது?" என்றார் கிழவர்.

"மிஷினு பாக்கற பொண்ணுங்க மாமா. உக்கடத்துலிருந்து."

"ஒக்காரச் சொல்லு. டீ வெய்யி." அவர் சந்தோஷமாக இருந்தார். "கேட்டியா அம்மணி? நல்லா ஓடுதுல்ல?"

அந்நேரம் பார்த்து டக்கென்று ஒரு தட்டு கேட்டது. ஓட்டம் நின்று, தடுமாறி, மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். இன்னொரு தட்டு.

"இதுவும் போயிட்டிருக்குதுங்க," என்றாள் சஃபியா, சாராவின் காதருகே. ஆனால் ஞானாபரணத்துக்கு எதுதான் கேட்காது!

"திக்குதுல்ல அம்மணி?"

"ஆமாங்க ஐயா."

"அன்னிக்கு ஒண்ணுலிருந்து ஒண்ணுக்கு நகலெடுத்துப் போட்டீன்னு சாரா சொல்லுச்சு. இதையும் அப்படி எடுத்துப்போட முடியாதா?"

சஃபியா கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கிழவரின் கால்மாட்டில் கையை வைத்தாள். "எதுல போடறதுங்க ஐயா? கடையில இருக்கற எதுவும் இதுக்கு ஆகாதுங்களே. இது எங்கிருந்து ஓடுதுன்னே எனக்குத் தெரியலைங்க."

"நீ படிச்ச பொண்ணு. யோசிச்சுப் பாரு."

"எனக்குத் தெரியலைங்க ஐயா," என்று மறுபடியும் சொல்லி அவள் அழுதுவிட்டாள். டீயைக் குடிக்காமலே கிளம்பினாள். போகும்போது வாசலில் சாராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருந்தா எங்க ஊட்டுக்கு வந்துருங்க்கா," என்றாள்.

அதற்குப் பிறகு சத்தம் நாளுக்கு நாள் தேய்ந்தது. ஓட்டம் குறைந்து தட்டு கூடியது. கார்த்திகை மாசத்து மழை பிடித்து, துணியெல்லாம் உள்ளேயே காய்ந்து, வீடெங்கும் ஈரவாடை. கிழவர் கட்டிலை விட்டு இறங்கி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அதன் காலைப் பிடித்துக்கொண்டு, "சாமி, சித்த பொறு. என்ற அப்பனல்ல, சித்த பொறு," என்று கெஞ்சினார். மகன் செத்த அன்று அழாதவர் இப்போது அழுதார்.

சாராவால் அதைக் கேட்டுக்கொண்டு இலையும் கொடியும் வரைய முடியவில்லை. ஒரு காலைப் பொழுதில் டக், டக், டக் என்று வெறும் தட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஓட்டமே இல்லை. அவளுக்குள் எதுவோ பொறுமை இழந்தது.

"எந்திரீங்க மாமா. தரை ஈரம். எந்திரீங்க."

"நிக்கப் போகுது கண்ணு. மறுக்காவும் எனக்குத் தெரியாமயே நின்னுபோயிரும்."

"நின்னாத்தான் என்னங்க!" என்று கத்தினாள். "உங்களுக்குத்தான் போகுதா? எனக்கு ஒண்ணும் போகலியா? எனக்கு ஆரு வந்தாங்க?"

கத்திவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல், கைக்கு எட்டிய அந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். மெத்தைக் குழி அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. முதுகு சாய்ந்தது. முகத்தை மூடிக்கொண்டு, அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் வெளியே வர, விக்கி விக்கி அழுதாள்.

அழுது முடித்துக் கையை எடுத்தபோது சத்தம் நின்றிருந்தது.

கிழவர் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தை அவள் பக்கமாக உயர்த்தி வைத்திருந்தார். சாரா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தறிகள் மட்டும்தான்.

"மாமா... நின்னுபோச்சுங்க."

அவர் வெகுநேரம் கழித்துக் கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்ததும், "பசிக்குது கண்ணு," என்றார்.

பழையபடி படுத்துவிடுவார் என்றுதான் அவள் பயந்தாள். அப்படி ஆகவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டார். நாற்காலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாரா அதிலேயே உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்தாள். கழுத்து வலி விட்டுப்போனது. ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. அவள் அடுப்படிக்குப் போனால் கிழவரின் முகம் அடுப்படிப் பக்கம் திரும்பும். சத்தமில்லாமல் வெறுங்காலோடு பின்கட்டுக்குப் போனாலும் அங்கே திரும்பும். தூரத்தில் ரேடியோ பாடினால் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்து வைத்திருப்பார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "உண்டியா கண்ணு? நீ வேளைக்கு உண்ணோணும். உடம்பப் பாத்துக்கோணும்," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதேயில்லை. வயசானவர், மனசு இளகிவிட்டது என்று சாரா நினைத்துக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், மாசாணம் பட்டறைக்குப் போய்ப் புது டிசைன்களைக் கொடுத்துவிட்டுக் குறுக்குவழியில் காட்டுக்குள்ளாக நடந்து வந்துகொண்டிருந்தாள். சோளத்தட்டு அறுத்துப்போட்ட காடு. கரண்ட் இல்லை போலிருக்கிறது, ஊர்ப் பக்கமிருந்து ஒரு தறிச் சத்தமும் இல்லை. மின்கம்பியில் கரிச்சான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. போன் அடித்தது. சஃபியா.

"எப்படி இருக்கீங்க்கா? அன்னிக்கு வந்ததுலிருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க. கூப்பிடவும் பயமா இருந்துச்சு."

"நல்லா இருக்கேனுங்க. சத்தம் நின்னுபோச்சுங்க சஃபியா."

"நின்னுபோச்சுங்களா?"

"ஆமாங்க. அடியோட நின்னுருச்சு. மாமாவும் தேறிட்டாரு. நல்லா சோறு உங்கறாரு."

அந்தப் பக்கம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று சாரா போனை எடுத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க்கா," என்றாள் சஃபியா தயங்கி. "இப்ப நாற்காலிப் பக்கத்துலயா நின்னு பேசறீங்க?"

"இல்லீங்களே. காட்டுக்குள்ள நடந்துட்டிருக்கேன்."

"பக்கத்துல மோட்டாரு கீட்டாரு ஏதாச்சும் ஓடுதுங்களா?"

சாரா நின்றாள். சுற்றிப் பார்த்தாள். அறுத்த தட்டும் ஈரமண்ணும் வானமும்தான். காற்றுகூட அடிக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. ஏனுங்க?"

"கேக்குதுங்க்கா," என்றாள் சஃபியா. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "உங்க பேச்சுக்குப் பின்னால. நீங்க பேசாம இருக்கறப்ப நல்லாவே கேக்குதுங்க."

சாரா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்காதது அவளுக்கு இப்போது ஆச்சரியமாகவும் இல்லை. அவள் போகிற பக்கமெல்லாம், அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் திரும்பித் திரும்பி வந்த கிழவரின் முகம் கண் முன்னால் வந்தது.

"எப்படிங்க ஓடுது?" என்று கேட்டாள். "திக்குதுங்களா?"

சஃபியா கேட்டுப் பார்த்தாள். வெகுநேரம் கேட்டாள். ஒரு கரிச்சான் கம்பியை விட்டுப் பறந்து மறுபடி வந்து உட்கார்ந்தது.

"இல்லீங்க்கா," என்றாள். "திக்கவேயில்ல. சீரா ஓடுதுங்க."

சாரா போனைப் பைக்குள் போட்டாள். கொஞ்ச நேரம் தன் நெஞ்சில் கையை வைத்தபடி நின்றாள். பிறகு, வரப்பில் வழுக்கிவிடாமல் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, விளிம்பு வரைக்கும் நிறைந்த குடத்தைச் சுமந்து வருகிறவள் போல, ஆடாமல் அசையாமல் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.